விளம்பரமும் வேளையும்

விற்பவரும் கொள்பவரும் ஒருவரை ஒருவர் காணாமல் வாணிகம் நடைபெறுவதில்லை. காண்பதற்கு இடம் வேண்டும். இடத்தோடு வேளையும் வேண்டும். பண்டைத் தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். மதுரை மாநகரில் பகற்பொழுதிற் கூடிய கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவிற் கூடியதனை அல்லங்காடி என்றும் வழங்கினர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைக்கின்றது. ஒரே நகரின் வாணிகத்திற்குப் பொழுது பற்றி இரு பெயர் அமைந்தமை எண்ணிப் பார்த்தற்கு உரியது.

பின்னாளில் ஊர்தோறும் வாரச்சந்தை கூடியது. இன்ன ஊருக்கு இன்ன கிழமை என்பது சுற்றுப்புறத்துச் சிறுவர்க்குங்கூட மனப்பாடம். தண்டோராப் போடுவோரும் உழவர் வயலில் இருக்கும் நண்பகலில் வெறுந்தெருவில் பறையறைந்து செல்வதில்லை. அவர்கள் வீடு திரும்பும் அந்திப்பொழுதையே தேர்ந்துகொள்வர். செய்தித்தாள் விடியற்காலையில் வீட்டு வாயிலுக்கு வந்தது. 1967 ஆம் ஆண்டில் விவித பாரதியில் வணிக ஒலிபரப்புத் தொடங்கியபின், மக்கள் எந்த நேரத்தில் வானொலிப் பெட்டியைத் திருப்புகின்றனர் என்பது விளம்பரம் கொடுப்போர் கணக்கிட வேண்டிய பொருளாயிற்று. ஆகவே, சொல்லவேண்டிய செய்தியைக் கேட்போரின் பொழுதறிந்து சொல்லவேண்டும் என்பது புதிய கருத்து அன்று. இன்று புதிதாக வந்திருப்பது, சொல்லும் வேலையை முன்னதாகவே ஒரு கருவியினிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வேறு பணியைப் பார்க்கலாம் என்னும் வசதியே ஆகும்.

இவ்வசதி சிறு வணிகர்க்கு எவ்வளவு பயன்படுகின்றது என்பதை ஓரூரை வைத்துக்கொண்டு ஆராய்வோம். கடலூரின் ஒரு பகுதியாகிய மஞ்சக்குப்பம் அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் மிகுந்த இடம். கெடிலத்தைக் கடந்தால் திருப்பாதிரிப்புலியூர். கிழக்கே சென்றால் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை. முதுநகர்ப் பக்கம் மீன்பிடி துறைமுகம். இப்பகுதிகளில் சிற்றுண்டி விற்போர், பூக்கட்டுவோர், தையற்கலைஞர், துணிக்கடைக்காரர், மீனும் கருவாடும் விற்போர், வீட்டிலிருந்தே ஊறுகாயும் பொடிவகையும் செய்து விற்கும் மகளிர் எனச் சிறு வணிகர் பலர் வாழ்கின்றனர். முன்பு கடைக்குப் பெயர்ப்பலகை எழுதி மாட்டியதுபோல இன்று அவர்கள் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு பக்கம் அமைத்துக்கொள்கின்றனர். வாட்ஸ்அப்பில் ‘ஸ்டேட்டஸ்’ வைக்கின்றனர். பண்டத்தின் படத்தையும் விலையையும் இரண்டு வரிச் செய்தியையும் அவற்றில் வெளியிடுகின்றனர். இதனையே பதிவு என்கின்றோம். பதிவைக் கண்டவர் விருப்பக்குறி இடலாம், விலை கேட்கலாம், பிறருக்கு அனுப்பலாம், கடைக்கே வந்துவிடலாம். இவை அனைத்தையும் சேர்த்து ஈடுபாடு என்பர்.

இப்பதிவை வணிகர் தாமே அவ்வப்போது கைப்பட இடுதல் நன்றா, அல்லது ஒரு வாரத்துக்கு உரியவற்றை ஒரே நாளில் எழுதி, நாளும் மணியும் குறித்து வைத்துவிடுதல் நன்றா? குறித்து வைத்தால் ஈடுபாடு குறையுமா, கூடுமா? வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் விடியற்காலை நான்கு மணிக்கு மாவு கரைக்கத் தொடங்கி, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் துலக்கி முடிக்கும் ஓர் அம்மையாருக்கு இது சிறிய வினா அன்று. அந்தப் பத்து மணிக்குமேல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அமர்வதா, உறங்குவதா என்பதே அவர்முன் உள்ள சிக்கல். வேறு சிலர் இவ்வேலையை மாதக் கட்டணத்திற்குப் பிறரிடம் விட்டுவிடுகின்றனர். அங்ஙனம் பெற்றுக்கொள்வோருள் சிலர், தமக்கு மட்டுமே தெரிந்த ‘பொன்னான நேரம்’ ஒன்று உண்டென்றும், அந்நேரத்தில் இட்டால் விற்பனை பெருகும் என்றும் உறுதி கூறுவர். சோதிடர் நல்ல நேரம் கணித்துத் தருவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது சில வேளைகளில் அரிதாக உள்ளது.

குறித்து வைக்கும் கருவிகள் தோன்றிய வரலாறு நீண்டதன்று. ஹூட்சூட் என்பது 2008 ஆம் ஆண்டிலும், பஃபர் என்பது 2010 ஆம் ஆண்டிலும் தோன்றின. முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வணிகர்க்கெனத் தானே ஒரு கருவியை வெளியிட்டது. அஃது இப்பொழுது மெட்டா பிசினஸ் சூட் என வழங்குகின்றது. முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகிய இரண்டிற்கும் உரிய பதிவுகளை அதில் கட்டணமின்றி முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே, தொழில்முறைக் கணக்கு வைத்திருப்போர்க்கு இவ்வசதி வந்து சேர்ந்தது. ஆதலின், இதற்காக மட்டும் பிறருக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை சிறு வணிகர்க்கு இல்லை.

இனி, கருவி வழியாக இடும் பதிவை ஊடகம் வேண்டுமென்றே தாழ்த்திக் காட்டும் என்று ஓர் அச்சம் வணிகரிடையே உண்டு. இவ்வச்சம் காரணமின்றித் தோன்றியது அன்று. 2018 ஆம் ஆண்டுக்கு முன் இன்ஸ்டாகிராம் வெளிக்கருவிகள் நேரே பதிவிடுவதற்கு இசையவில்லை. குறித்த மணிக்கு நினைவூட்டல் ஒன்று வரும். அதன்பின் வணிகர் தாமே இட்டுக்கொள்ள வேண்டும். இவ்விதியை மீறி, கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு தாமே பதிவிட்ட கருவிகளும் உலவின. அவற்றைப் பயன்படுத்தியோர் தம் கணக்கே முடக்கப்படும் இடருக்கு உள்ளாயினர். அந்நாளைய எச்சரிக்கை காரணம் நீங்கிய பின்னும் வாய்மொழியாக நின்றுவிட்டது. இன்றோ அந்நிறுவனமே இக்கருவியைச் செய்து கொடுத்துள்ளது. தானே வாயிலை அமைத்துக் கொடுத்து, அதன் வழியே வருவோரைத் தானே ஒறுப்பதில் அதற்கு ஒரு பயனும் இல்லை. அறியாத கருவியினிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பது மட்டும் அன்றுபோலவே இன்றும் இடர் தருவதாம்.

அங்ஙனமாயின், குறித்து வைத்த பதிவுகளுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்று சிலர் கூறுவது பொய்யா எனின், அவர்கள் கண்டது மெய்யாகவும் இருக்கலாம். காரணம் வேறு என்க. முப்பது பதிவுகளை ஒரே இருப்பில் எழுதுபவர் முதல் ஐந்தினைக் கருத்தோடு எழுதுவார்; பத்தாவதில் சோர்வார்; இருபதாவதில் முன்னெழுதியதையே திருப்பி எழுதுவார். “இனிய காலை வணக்கம்” என்று தொடங்கி மூன்று வியப்புக்குறியோடு முடியும் பதிவுகள் இங்ஙனம் பிறப்பனவே. அன்றியும், முகநூலுக்கு எழுதியதை அப்படியே இன்ஸ்டாகிராமிலும் இட்டுவிடுவர். ஓரிடத்தில் முழுமையாகத் தெரியும் படம் மற்றோரிடத்தில் ஓரம் வெட்டுண்டு தோன்றும். எல்லாவற்றினும் மேலான காரணம் ஒன்று உண்டு. பதிவு வெளிவரும்போது வணிகர் அங்கே இருப்பதில்லை. “அரைக் கிலோ என்ன விலை?” என்று காலை ஆறரை மணிக்கு ஒருவர் கேட்கின்றார்; விடை பதினொரு மணிக்கு வருகின்றது. அதற்குள் அவர் வேறு கடையில் வாங்கி, சமைத்து, உண்டும் முடித்திருப்பார். கடையைத் திறந்து வைத்துவிட்டு உரியவர் வெளியே சென்றுவிட்டால், திறந்த கதவு பயன் தருவதில்லை அன்றோ? வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி 2018 ஆம் ஆண்டில் வெளிவந்தது. உரியவர் இல்லாத நேரத்தில், “இத்தனை மணிக்கு விடையளிப்போம்” என்று தானே தெரிவிக்கும் வசதி அதில் உண்டு. அது விடைக்கு ஈடாகாது. எனினும் கேட்டவரைச் சற்றுக் காத்திருக்கச் செய்யும்.

அடுத்து, வேளையைப் பற்றிக் காண்போம். முற்காலத்தில் இன்ஸ்டாகிராம் பதிவுகளை இட்ட வரிசையிலேயே, புதியது மேலாகக் காட்டி வந்தது. அப்பொழுது வேளை பார்த்தல் மிக இன்றியமையாததாக இருந்தது. ஒருவர் கைப்பேசியைத் திறக்கும் நேரத்திற்குச் சற்று முன் இட்டவரின் பதிவே அவர் கண்ணிற் படும். 2016 ஆம் ஆண்டில் இம்முறையை மாற்றப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதன்பின், பார்ப்பவர் எதனை மிகுதியும் விரும்புவார் என்று கணித்து அதனை மேலே வைக்கும் முறை வந்தது. முகநூல் அதற்கு முன்னரே அவ்வழிப்பட்டது. இம்முறையில் காலையில் இட்ட பதிவு மாலையிலும், சில வேளை மறுநாளிலும்கூட ஒருவர்முன் வந்து நிற்கும். ஆகவே, வேளையின் ஆற்றல் குறைந்தது, அழிந்துவிடவில்லை. புதுமையும் கணிப்பில் ஒரு கூறாகவே உள்ளது. அன்றியும், ஸ்டேட்டஸ் போன்றவை இருபத்துநான்கு மணி நேரத்தில் மறைந்துவிடுவன. அவற்றிற்கு வேளை இன்றும் முதன்மையானது.

வேளை பற்றி அறிஞர் செய்த ஆராய்ச்சி ஒன்று இங்குக் கருதத்தக்கது. வம்சி கனூரி, யிக்சிங் சென், ஸ்ரீஹரி ஸ்ரீதர் ஆகிய மூவரும் அமெரிக்க நாட்டின் முன்னணிச் செய்தித்தாள் ஒன்று முகநூலில் 366 நாட்கள் வெளியிட்ட பதிவுகளை ஆராய்ந்து, 2018 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். காலையில் இடப்பட்டவை பிற்பகலிலும் மாலையிலும் இடப்பட்டவற்றைவிட மிகுதியாகத் திறந்து படிக்கப்பட்டன என்று அவர்கள் கண்டனர். உறங்கி எழுந்த மனம் செய்தியை ஏற்கும் ஆற்றல் மிக்கதாய் இருத்தலைக் காரணமாகக் கூறினர். எந்தச் செய்தியை எப்பொழுது இடுவது, எதற்கு விளம்பரப் பணம் செலவிடுவது என்பவற்றை ஒருங்கே வகுத்துக்கொண்டால் ஊதியம் நூற்றுக்கு எட்டுப் பங்கேனும் உயரக்கூடும் என்றும் கணித்தனர். இதனால், வேளை வகுத்தல் வீண்வேலை அன்று என்பது பெறப்படும்.

ஆனால், இம்முடிவை அப்படியே மஞ்சக்குப்பத்திற்குக் கொண்டுவருதல் பொருந்தாது. செய்தித்தாளின் பண்டம் செய்தி. படித்தவுடன் கொள்வினை முடிந்துவிடும். மீன் விற்பவருடைய பதிவைப் படித்ததோடு கொள்வினை முடிவதில்லை. மீன் அடுப்பிற்கு வரவேண்டும். இணையத்தில் ‘பதிவிடச் சிறந்த நேரம்’ என்று பட்டியல்கள் பல காணப்படுகின்றன. அவற்றுட் பல அயல்நாட்டுக் கணக்குகளை வைத்து வகுக்கப்பட்டவை. அமெரிக்கக் கீழைக்கரையிற் காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. கருவியில் ஊர்நேரத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டு, காலைப் பதிவு மாலையில் வருகின்றதே என்று வியப்போரும் உளர். சிறந்த நேரத்தைத் தேடுவதற்கு முன், கருவியில் இந்திய நேரம் அமைந்துள்ளதா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

உண்மையில் வேளையின் சிறப்பைத் தீர்மானிப்பது பண்டத்தின் இயல்பே ஆகும். விரைவிற் கெடுவதும், வாங்கும் எண்ணம் விரைவில் எழுந்து விரைவில் அடங்குவதும் ஆகிய பண்டத்திற்கு வேளை பெரிது. நெடுநாள் இருப்பதும், பலகால் எண்ணி வாங்குவதும் ஆகிய பண்டத்திற்கு வேளை சிறிது. இதனைச் சில தொழில்களில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் மீன். படகு கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் கூடைக்கு வந்த பின்னரே இன்று என்ன உண்டு, என்ன விலை என்பது வணிகருக்கே தெரியும். இல்லத்தார் நண்பகல் உணவிற்கு என்ன செய்வது என்று காலையிலேயே முடிவு செய்துவிடுவர். இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள சிறுபொழுதே மீன் வணிகரின் வேளை. அதில் இடவேண்டிய பதிவை முன்னாளிலேயே எழுதி வைத்தல் இயலாது. எழுதினால் அது பொய்யாகவும் முடியும். எனவே, மீனுக்கு வேளை மிகப் பெரிது. குறித்து வைத்தலோ சிறிதும் உதவாது. கூடையை இறக்கியவுடன் எடுத்த படமும் நான்கு சொல்லுமே போதும்.

சிற்றுண்டிச் சாலை இதற்கு முற்றும் மாறானது. செவ்வாய்க்கிழமை இன்ன பலகாரம் என்பது முன்பே தெரியும். அலுவலகத்தார் மதிய உணவுக்கு முன்னும், வீடு திரும்பும் முன்னும் அதனை எண்ணுவர். அவ்வேளைகளில் சமைப்பவர் கையோ மாவிலும் எண்ணெயிலும் இருக்கும். வேளையும் பெரிது, வேளை முன்பே அறியப்பட்டதும் ஆகும், அவ்வேளையில் வணிகருக்கு ஓய்வும் இல்லை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இத்தொழிலுக்கே குறித்து வைத்தல் பெரும்பயன் தருகின்றது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் செலவிட்டு வாரம் முழுமைக்கும் அமைத்துக்கொண்டால், முன்னே கூறிய அம்மையார் இரவு பத்து மணிக்கு உறங்கச் செல்லலாம். அவருக்குக் கிடைக்கும் இந்த உறக்கத்தை எந்த ஊடகமும் எண்ணிக் காட்டுவதில்லை.

பண்ணுருட்டியிலிருந்து வரும் முந்திரிப்பருப்பை விற்பவருக்குக் காலை எட்டு மணியும் மாலை எட்டு மணியும் பெரும்பாலும் ஒன்றே. அவர் கருத வேண்டியது மணியை அன்று, பருவத்தை. தீபாவளிப் பலகாரத்திற்குப் பருப்பு வாங்குவோர் பண்டிகைக்கு முன் உள்ள வாரங்களிலேயே தேடத் தொடங்குவர். வெளிநாட்டில் வாழ்வோர் ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பச் சொல்லிப் பணம் செலுத்துவதும் உண்டு. பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களைச் சேர்ந்தோர் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உள்ளனர். துபாயில் இரவு எட்டு மணியாகும்போது நமக்கு ஒன்பதரை. சிங்கப்பூரில் இரவு எட்டு மணியாகும்போது நமக்கு மாலை ஐந்தரை. இத்தகையோரை எண்ணி இடும் பதிவுக்கு மட்டும் மணிக்கணக்குப் பார்த்தல் தகும். அதனைக் கருவி செம்மையாகச் செய்யும்.

மணமக்களுக்கு மாலையும் பந்தலுக்குப் பூவணியும் செய்வோர் நிலை வேறு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முகூர்த்த நாட்களில் திருமணங்கள் பல நிகழ்தல் இம்மாவட்டத்தார் யாவரும் அறிந்ததே. முகூர்த்த நாளன்று காலையில் பூவணி பற்றிப் பதிவிடுவதால் அன்றைய மணவீட்டார் எவரும் வரப்போவதில்லை. அவர்கள் சில மாதங்களுக்கு முன்பே பேசி முடித்துவிட்டனர். ஆயின், அன்று செய்த அணியின் படம், தை மாதத்துத் திருமணத்திற்காக ஐப்பசியில் ஆள் தேடும் ஒருவர் பக்கத்தைப் புரட்டும்போது கண்ணிற் படவேண்டும். இத்தொழிலில் வேளை என்பது மாதத்தால் அளக்கப்படுவது. சிதம்பரத்தில் தங்கும் விடுதியோ உணவு விடுதியோ நடத்துவோரும் ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் முன்னோக்கி, அன்பர்கள் பயணம் வகுக்கும் நாட்களிலேயே செய்தியை அனுப்புதல் வேண்டும். தேர் நிலைக்கு வந்தபின் இடும் பதிவு ஊரில் உள்ளவர்க்கே பயன்படும்.

குறித்து வைத்தலின் மற்றொரு பயன் ஒழுங்கு. ஒரு வாரம் நாள்தோறும் பதிவிட்டு, அடுத்த மூன்று வாரம் வாளாவிருக்கும் கடையைப் பின்தொடர்வோர் மறந்துவிடுவர். வெள்ளிக்கிழமைதோறும் புதுச் சேலைகளின் படம் வரும் என்று தெரிந்தால், எதிர்பார்த்துத் திறப்பவர் சிலராவது உண்டாவர். வாரச்சந்தைக்குக் கிழமை வகுத்த அதே முறைதான் இது.

இனி, இக்கருவியால் விளையும் கேட்டையும் கூறுதல் வேண்டும். கருவிக்கு மணி தெரியும், நாள் தெரியாது. 2024 நவம்பர் 30 ஆம் நாளிரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதனை அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகளில் நீர் புகுந்தது. மக்கள் மாடியில் நின்று படகினை எதிர்நோக்கியிருக்கும் நேரத்தில், முன் வாரத்தில் எழுதி வைத்த “மழைக்கு இதமான சூடான பஜ்ஜி” என்னும் பதிவு ஒரு கடையிலிருந்து வருமாயின் அஃது என்ன ஆகும்? எழுதியவர் கொடியவர் அல்லர். எழுதும்போது மழை இல்லை. ஆனால், படிப்பவர் அதனை அறியார்.

டிசம்பர் 26 ஆம் நாளும் இத்தகையதே. பிற ஊர்களில் அது கிறித்துமசுக்கு மறுநாள். ஆண்டிறுதித் தள்ளுபடி அறிவிப்பதற்கு ஏற்ற நாள். கடலூர்க் கடற்கரையிலோ 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்த நாள். இம்மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் அன்று மாண்டனர். தேவனாம்பட்டினம் முதலிய மீனவர் ஊர்களில் ஆண்டுதோறும் அந்நாளில் கடலிற் பால் ஊற்றி, மலர் தூவி, இறந்தோரை நினைந்து அழுகின்றனர். தொலைவிலுள்ள பெருநகரில் அமர்ந்து, ஐம்பது கடைகளுக்கு ஒரே பட்டியலில் மாதப் பதிவுகளைக் குறித்து வைக்கும் ஒருவருக்கு இந்நாளின் பொருள் தெரிய வழியில்லை. அவ்வூர்க் கடைக்காரருக்கு அது தெரியும். அவர் கையால் இட்டிருந்தால் அன்று அத்தகைய பதிவை இட்டிருக்கமாட்டார். ஒரு பதிவால் விருப்பக்குறி குறைவது பெரிய இழப்பன்று. அடுத்த தெருவில் பிள்ளையை இழந்த தாய் அக்கடையை நினைக்கும் நினைப்பு மாறிவிடுமாயின் அதனை மீட்டல் அரிது. ஆகவே, குறித்து வைப்போர் ஒரு வாரத்திற்கு மேற்பட்டு வைத்தலாகாது என்பது என் கருத்து. நாள்தோறும் காலையில், அன்று வெளிவர இருப்பது யாது என்று ஒரு முறை பார்த்தலும் வேண்டும். வேண்டாததை நிறுத்திவைக்கக் கருவியில் வழியுண்டு. அதற்கு அரை நிமிடம் போதும்.

ஈடுபாட்டை அளக்கும் வகையிலும் சிறிது தெளிவு தேவை. விருப்பக்குறிகளின் தொகை கண்ணுக்கு இனியது. ஆயினும் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் இடும் விருப்பக்குறியால் மஞ்சக்குப்பத்துச் சட்டியில் உள்ள இட்டலி ஒன்றுகூடக் குறைவதில்லை. சிறு வணிகர் எண்ணவேண்டியவை இரண்டே: விலை கேட்டோர் எத்தனை பேர், வாங்கியோர் எத்தனை பேர். கடைக்கு வருபவரிடம், “பதிவைப் பார்த்து வந்தீர்களா?” என்று கேட்டு ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

தம் கடைக்கு எது ஏற்றது என்பதை வணிகர் பிறரைக் கேளாமல் தாமே சோதித்து அறியலாம். அதற்கு நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றே வேண்டுவது. ஆயினும் சோதிக்கும் முறையிற் பலர் தவறுகின்றனர். சென்ற மாதம் கையால் மாலையில் இட்டேன், இம்மாதம் கருவியால் காலையில் இட்டேன், ஈடுபாடு கூடிற்று, எனவே கருவி நன்று என்பர். இங்கே மாறியவை இரண்டு, வேளையும் முறையும். கூட்டியது எது என்று எங்ஙனம் அறிவது? கருவியைச் சோதிக்க விரும்பினால் வேளையை மாற்றாமல், ஒரு நாள் கையாலும் ஒரு நாள் கருவியாலும் அதே மணிக்கு இடவேண்டும். வேளையைச் சோதிக்க விரும்பினால் முறையை மாற்றாமல், காலையும் மாலையும் மாறி மாறி இடவேண்டும். படமும் செய்தியும் ஏறக்குறைய ஒரே தரத்தினவாய் இருத்தல் வேண்டும்.

மாதத்தின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் ஒப்பிடுதலும் கூடாது. மஞ்சக்குப்பம் போன்று மாதச் சம்பளக்காரர் மிகுந்த இடத்தில் முதல் வாரத்தில் வாங்குவோர் கை தாராளமாக இருக்கும்; கடைசி வாரத்தில் சுருங்கும். அதனை வேளையின் குணமென்று மயங்கலாகாது. நெய்வேலியில் சுரங்கப் பணியாளர் முறைமாற்றிப் பணி செய்வோர் ஆதலின், இந்த வாரம் காலையில் கைப்பேசி பார்த்தவர் அடுத்த வாரம் அவ்வேளையில் உறங்கிக்கொண்டிருப்பார். அங்கு விற்போர் ஒரு சுற்று முழுவதும் முடியும்வரை கணக்கெடுத்தல் நன்று. பன்னிரண்டு பேர் கேட்ட நாளுக்கும் பதினான்கு பேர் கேட்ட நாளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ளவும் வேண்டா. மணவீட்டார் ஒருவர் வந்து மொத்தமாக வாங்கினாலே அக்கணக்கு மாறிவிடும். பல வாரம் தொடர்ந்து ஒரு பக்கமே சாய்வதாயின் அதனை நம்பலாம்.

துணிக்கடைக்காரர் ஆடி மாதத்தில் தொடங்கிய சோதனையை ஆவணிக்குக் கொண்டுசெல்லாமல் இருத்தல் நன்று. தள்ளுபடிக் கூட்டமும் திருமணக் கூட்டமும் வேறு வேறு இயல்பின. மீன் வணிகர்க்கு வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றல்ல; புலால் மறுப்போர் மிகும் புரட்டாசியும் அதனை அடுத்த ஐப்பசியும் ஒன்றல்ல. கீழைக்கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை செய்யப்பட்டுக் கரையில் நிற்கும் 61 நாட்களும், அஃதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நாட்டுப்படகு மீனே வரும்; வரத்துக் குறைந்து விலை ஏறும். அந்நாட்களைக் குறிப்பேட்டில் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.